பக்கத்துச் சாவடியை மூடுவதற்கு முன்: வாக்கு மையத்துக்கும் தபால் வாக்குக்கும் ஒரு கவுண்ட்டி மாறும் வழி

கலிஃபோர்னியாவில் 2016-இல் எஸ்.பி. 450 என்ற சட்டம் நிறைவேறியது. வோட்டர்ஸ் சாய்ஸ் ஆக்ட் என்றால் எல்லோருக்கும் தெரியும். தெருவுக்குத் தெரு இருந்த வாக்குச்சாவடிகளை எடுத்துவிட்டு, கவுண்ட்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) முழுவதற்கும் பொதுவான வாக்கு மையங்களைத் திறக்கலாம், பதிவான வாக்காளர் ஒவ்வொருவருக்கும் வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்பலாம் என்றது அது. 2018-இல் மடேரா, நாப்பா, நெவாடா, சாக்ரமெண்டோ, சான் மட்டேயோ ஆகிய ஐந்து கவுண்ட்டிகள் முதலில் மாறின. பிறகு பல கவுண்ட்டிகள் சேர்ந்தன.

இதில் சறுக்கிய இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே தவறுதான்: முதலில் சாவடிகளைக் குறைத்தார்கள், அந்தச் சாவடிகள் செய்துகொண்டிருந்த வேலையை யார் செய்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். சரியான வரிசை இதற்கு நேர்மாறு. எல்லோருக்கும் வீட்டுக்குச் சீட்டுப் போய்ச் சேர வேண்டும், மையங்களை இணைக்கும் மின் வாக்காளர் பட்டியல் முழுச் சுமையில் ஓடிக் காட்ட வேண்டும், கேட்டவுடன் சீட்டை அச்சிடும் இயந்திரம் சோதனையில் தேற வேண்டும். இந்த மூன்றும் கைக்கு வந்த பிறகே சாவடிகளின் எண்ணிக்கையில் கை வைக்க வேண்டும். தேர்தல் அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கும், கவுண்ட்டியின் ஆலோசனைக் குழுக்களில் உட்காரும் நம்மவர்களுக்கும் உதவும்படி, இந்த மாற்றத்தை எப்படிச் செய்வது, எங்கே இடறும் என்பதைக் கீழே விளக்கியிருக்கிறோம்.

உங்கள் ஊருக்கு இது பொருந்துமா

2021-இல் வந்த ஏ.பி. 37 சட்டத்துக்குப் பிறகு, கலிஃபோர்னியாவில் எந்தக் கவுண்ட்டியாக இருந்தாலும் பதிவு நடப்பில் உள்ள வாக்காளர் எல்லோருக்கும் தபாலில் சீட்டுப் போகிறது. ஆகவே இன்று முடிவெடுக்க வேண்டியது நேரில் வருபவர்களை எங்கே வரவேற்பது என்பது மட்டும்தான். சான் பிரான்சிஸ்கோ எல்லோருக்கும் தபாலில் அனுப்பிக்கொண்டே, சுமார் 500 சாவடிகளையும் வைத்திருக்கிறது. மக்கள் நடந்தே போகும் நெருக்கமான நகரத்தில் அதில் நியாயம் உண்டு. வீடுகள் சிதறிக் கிடக்கும் கவுண்ட்டி, ஒரு நாள் வேலைக்கு ஆயிரக்கணக்கில் தன்னார்வலர் கிடைக்காத கவுண்ட்டி, வேலைக்குப் போகும் ஊரில் வாக்களிக்க விரும்புபவர் அதிகமுள்ள கவுண்ட்டி, இவற்றுக்கு மையங்கள் பொருந்தும்.

செலவு குறையும் என்ற வாதம் அரை உண்மை. கொலராடோ 2013-இல் மாநிலம் முழுவதும் இந்த முறைக்கு மாறியது. அங்குள்ள 64 கவுண்ட்டிகளில் 46-ஐ பியூ அறக்கட்டளை ஆராய்ந்து, தேர்தல் செலவு சராசரியாக 40 விழுக்காடு குறைந்ததைக் கண்டது. ஆனால் முதல் தேர்தலில் மின் பட்டியல், அச்சு இயந்திரம், உறை பிரிக்கும் இயந்திரம், பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டும். சேமிப்பை முதல் ஆண்டு பட்ஜெட்டில் எழுதிவிட்டால், பணம் பற்றாமல் போகும்போது ஆள் எண்ணிக்கையைத்தான் குறைப்பார்கள். அங்கேதான் வரிசை நீள ஆரம்பிக்கும்.

எத்தனை மையம், எத்தனை மேசை

சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் இது. தேர்தல் நாளுக்கு 10 நாள் முன்பிருந்து 4-ஆம் நாள் முன்பு வரை, 50,000 வாக்காளருக்கு ஒரு மையம். கடைசி நான்கு நாள், அதாவது சனி முதல் செவ்வாய் வரை, 10,000 பேருக்கு ஒரு மையம். முந்தைய நாட்களில் குறைந்தது 8 மணி நேரம் திறந்திருக்க வேண்டும்; தேர்தல் நாளில் காலை 7 முதல் இரவு 8 வரை. நிரப்பிய தபால் சீட்டை நேரில் வந்து இடும் பெட்டி 15,000 பேருக்கு ஒன்று, 28 நாள் முன்பிருந்தே. சிறிய கவுண்ட்டி என்றாலும் இரண்டுக்குக் குறையக்கூடாது. கணக்கில் கொள்வது தேர்தலுக்கு 88-ஆம் நாள் முன்பு பட்டியலில் இருக்கும் எண்ணிக்கை.

3 லட்சம் வாக்காளர் உள்ள கவுண்ட்டிக்கு 6 மையம், பிறகு 30 மையம், 20 பெட்டி என்று வந்துவிடும். பலர் இங்கேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். சட்டம் கட்டடங்களைத்தான் எண்ணுகிறது. வரிசையின் நீளத்தைத் தீர்மானிப்பது கட்டடத்துக்குள் இருக்கும் பதிவு மேசைகள்.

அதே கவுண்ட்டியை எடுத்துக்கொள்வோம். 70 விழுக்காடு வாக்குப்பதிவு, அதில் ஐந்தில் நான்கு பங்கு தபாலில் என்று வைத்தால் நேரில் வருபவர் 42,000. அவர்களில் பாதிப் பேர் தேர்தல் நாளன்றே வருவார்கள் என்று வையுங்கள்: 21,000. மையத்துக்கு 700. 13 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 54 பேர். ஒருவரைப் பட்டியலில் தேடிச் சீட்டைக் கையில் கொடுக்க 3 நிமிடம் ஆகும் என்றால் மேசைக்கு மணிக்கு 20 பேர். மூன்று மேசை போதும் என்று தாளில் வரும். நடப்பில் போதாது. மாலை 5 மணிக்கு மேல் கூட்டம் சராசரியைப்போல் இரண்டு மடங்காகும்: மணிக்கு 108. எந்த மேசையும் இடைவெளியில்லாமல் ஓடாது, 85 விழுக்காடு என்று பிடித்தால் மேசைக்கு 17 பேர்தான். அன்றே பதிவு செய்து வாக்களிக்க வருபவர் பத்தில் ஒருவர் என்றாலும் அவருக்கு 15 நிமிடம் போகும். அந்த 11 பேருக்குத் தனியாக 4 மேசை, மீதி 97 பேருக்கு 6 மேசை. மொத்தம் 10. மூன்றுக்கும் பத்துக்கும் இடையிலுள்ள தூரம்தான் செய்தியில் வரும் வரிசை.

சீட்டைக் குறிக்கும் தடுப்பு மேசைகளுக்கும் இதே கணக்கு. ஒருவர் 10 நிமிடம் எடுத்தால் 108 பேருக்கு ஒரே நேரத்தில் 18 இடம் வேண்டும், 22 வையுங்கள். கலிஃபோர்னியாச் சீட்டில் மக்கள் நேரடியாக வாக்களிக்கும் மாநில முன்மொழிவுகள் நிறைய வரும் ஆண்டில் 10 நிமிடம் போதாது, அலுவலகத்தில் உள்ளவர்களை வைத்தே மாதிரிச் சீட்டை நிரப்பச் சொல்லி நேரம் பாருங்கள். அமெரிக்க அதிபர் அமைத்த தேர்தல் நிர்வாக ஆணையம் 2014-இல், யாரும் 30 நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று சொன்னது. இலக்கை அதில் வையுங்கள்.

பதிவை அன்றே செய்பவர்களைத் தனி வரிசையில் நிறுத்துவது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் ஒரே வரிசையில் விட்டால், 15 நிமிடம் ஆகும் இரண்டு பேர் முன்னால் இருந்தாலே பின்னால் நிற்கும் 3 நிமிடக்காரர்கள் எல்லோரும் அகப்பட்டுக்கொள்வார்கள். வாசலில் ஒருவரை நிறுத்தி, "பதிவு உண்டா, முகவரி மாறியதா, உறையைப் போட மட்டும் வந்தீர்களா" என்று கேட்டுப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். உறையைப் போட வந்தவர் வரிசையில் நிற்கவே தேவையில்லை.

எல்லா மையத்துக்கும் சமமாகக் கூட்டம் வராது. பல்கலைக்கழக வளாகம், நகர மையம், பெரிய பேருந்து நிலையம் பக்கத்தில் உள்ளவை நிரம்பி வழியும். இன்னொரு மூலையில் ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். பட்டியல் டேப்லெட்டுகளில் பத்தில் ஒன்றை எந்த மையத்துக்கும் ஒதுக்காமல் வண்டியில் வைத்திருங்கள். காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு மையமும் அரை மணிக்கொருமுறை அனுப்ப, அதை இணையத்தில் போடுங்கள்.

எண்ணிக்கையை ஒரேயடியாக வெட்டினால் என்னாகும் என்பதற்கு அரிசோனாவின் மாரிகோப்பா கவுண்ட்டி ஓர் உதாரணம். 2012 அதிபர் வேட்பாளர் முதன்மைத் தேர்தலில் 200 இடங்கள். 2016 மார்ச் 22-இல் 60. தபாலில் பெரும்பாலோர் போட்டுவிடுவார்கள் என்று கணக்கிட்டார்கள். நேரில் வந்தவர்கள் மணிக்கணக்கில் நின்றார்கள், கடைசி ஆள் வாக்களிக்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. எந்தக் கட்சியிலும் பதியாதவர்களுக்கு அந்தத் தேர்தலில் வாக்கில்லை. அது தெரியாமல் வந்தவர்களுக்குத் தற்காலிக வாக்குச்சீட்டு (தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ணுவது) எழுதிக் கொடுப்பதிலேயே மேசைகளின் நேரம் கரைந்தது.

இடம் பிடித்தல்

பழைய சாவடிக்கு ஒரு நாள் கார் ஷெட் கூடப் போதும். மையத்துக்கு 4 நாளோ 11 நாளோ தொடர்ந்து வேண்டும். இரவில் இயந்திரங்களை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்திருக்கவும் வேண்டும். பள்ளிகள் இங்கேயே விழுந்துவிடும், வகுப்பு நடக்கும் நாட்களில் அரங்கை விடமாட்டார்கள். நூலகம், சமூகக் கூடம், கவுண்ட்டி அலுவலகம், மூத்தோர் மையம், கல்லூரி வளாகம் என்று தேடுங்கள். ஓராண்டுக்கு முன்பே கையெழுத்துப் போடுங்கள். அதே அரங்கைத் திருமணத்துக்குப் பதிவு செய்தவர் வாக்குச்சீட்டுக்காக விட்டுக்கொடுக்க மாட்டார்.

எங்கே வைப்பது என்பதற்குச் சட்டமே 14 அளவுகோல் தருகிறது. பொதுப் போக்குவரத்துக்கு அருகாமை, வாகனம் குறைவாக உள்ள குடும்பங்கள், தபால் வாக்கைக் குறைவாகப் பயன்படுத்தும் பகுதி, மொழிச் சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருவாய், இலவச நிறுத்துமிடம், பயண நேரம், பழங்குடியினர் ரிசர்வேஷன் போன்ற ஒதுங்கிய குடியிருப்பு, நடமாடும் மையத்தின் தேவை எல்லாம் அதில் அடங்கும். ஒவ்வொன்றையும் வரைபடத்தில் தனி அடுக்காகப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நேர்கோட்டுத் தூரத்தை நம்பாதீர்கள். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் அரை மைலில் இருக்கும் மையத்துக்குப் பேருந்தில் இரண்டு முறை மாற வேண்டியிருக்கும்.

இடத்தை ஒப்புக்கொள்ளும் முன் அளவு நாடாவோடு போங்கள். கதவு திறந்த நிலையில் இடைவெளி குறைந்தது 32 அங்குலம், நடைவழி 36 அங்குலம், சாய்தளம் 12 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏறக்கூடாது, வாசற்படி அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் இயந்திரம் மையத்துக்கு மூன்று. அவற்றுக்குச் சுவரில் மின்சாரம் எங்கே வருகிறது, அந்தச் சுற்றில் வேறென்ன ஓடுகிறது என்பதையும் பாருங்கள். அச்சு இயந்திரங்கள் சூடாகும்போது இழுக்கும் மின்சாரத்தில் பழைய கட்டடத்து ஃபியூஸ் போனதென்றால் பட்டியலும் சேர்ந்து போகும். செல்பேசி அலைவரிசையை அறைக்கு உள்ளே, மேசை வைக்கப்போகும் மூலையில் நின்று சோதியுங்கள்.

சாவடியை மாற்றினாலே வாக்குக் குறையும், தூரம் மட்டும் காரணமல்ல. 2003-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்ட்டி, மாநில ஆளுநரைப் பதவி நீக்கலாமா என்று கேட்ட திரும்ப அழைப்புத் தேர்தலுக்காகச் சாவடிகளைச் சேர்த்துக் குறைத்தபோது, இடம் மாறியவர்களிடையே நேரில் வாக்களிப்பது சுமார் 3 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது, தபால் வாக்கு 1 புள்ளிக்குச் சற்று மேல் கூடியது. ஹென்ரி பிராடி, ஜான் மெக்நல்ட்டி இருவரின் ஆய்வு அது. "எங்கே போவது" என்று தெரியாமல் போவதும் தூரத்தைப்போலவே தடுக்கிறது. ஆகவே மூடிய சாவடியின் வாசலில், தேர்தல் நாளன்று, அருகிலுள்ள மூன்று மையங்களின் முகவரியும் வரைபடமும் உள்ள பலகையை வையுங்கள். முதல் தேர்தலில் இதைவிட மலிவாகவும் பயனாகவும் வேறொன்றும் செய்ய முடியாது.

மின் பட்டியலும் அச்சு இயந்திரமும்

பழைய முறையில் சாவடிக்கு ஒரு காகிதப் பட்டியல். அந்தப் பகுதிக்காரர் அங்கே மட்டும்தான் வர முடியும், ஆகவே ஒருவர் இரண்டு முறை வாக்களிப்பது தானாகவே தடைபட்டது. மையத்தில் யாரும் எங்கும் வரலாம். அவர் வேறெங்கும் வாக்களிக்கவில்லை, தபாலில் அனுப்பிய உறையும் இன்னும் வந்து சேரவில்லை என்பதை அந்த நொடியிலேயே பார்த்துச் சொல்ல வேண்டியது மின் பட்டியல். எந்த ஏடிஎம்மிலும் பணம் எடுக்கலாம் என்பது போலத்தான்; சர்வர் படுத்துவிட்டால் எங்குமே எடுக்க முடியாது.

2006 நவம்பரில் டென்வர் நகரம் 55 மையங்களோடு முதல் பொதுத்தேர்தலை நடத்தியது. பட்டியல் மென்பொருள் சுமை தாங்காமல் நின்றது. வரிசைகள் மணிக்கணக்கில் நீண்டு, பலர் வாக்களிக்காமலே திரும்பிப் போனார்கள். அதே கொலராடோவில் லாரிமர் கவுண்ட்டி 2003-லேயே நாட்டில் முதன்முதலாக மையங்களைத் திறந்து நன்றாக நடத்திக் காட்டியிருந்தது. இரண்டு இடத்திலும் கருத்து ஒன்றே, சோதனையில்தான் வேறுபாடு.

2020 மார்ச் 3-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்ட்டியும் இதையே சந்தித்தது. சுமார் 4,500 சாவடிகள் போய், 970-க்கு மேல் மையங்கள் வந்தன. டேப்லெட்டுகள் ஒன்றோடொன்று தகவலைச் சமன் செய்வதில் தாமதித்து, பதிவு மேசையில் கூட்டம் தேங்கியது. பலரும் வாக்களிக்கும் புதிய இயந்திரத்தைக் குறை சொன்னார்கள். அடைப்பு அதற்கு முன்னாலேயே இருந்தது. இன்னொன்றும் உண்டு. சட்டம் லாஸ் ஏஞ்சலிஸுக்கு மட்டும் விலக்குத் தந்திருந்ததால் எல்லோருக்கும் தபாலில் சீட்டு அனுப்பவில்லை. சாவடி போயிற்று, வீட்டுக்கும் சீட்டு வரவில்லை. நவம்பரில் எல்லோருக்கும் அனுப்பியபோது, மார்ச்சைவிடக் குறைவான மையங்களிலேயே வேலை சுமுகமாக முடிந்தது.

செய்ய வேண்டியவை: தேர்தலுக்கு இரண்டு மாதம் முன், எல்லா டேப்லெட்டுகளையும் ஒரே நேரத்தில் இயக்கி, நீங்கள் கணக்கிட்ட உச்ச மணி நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு போலிப் பதிவுகளைச் செலுத்துங்கள். பத்து டேப்லெட் மேசையில் ஓடுவதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். நடுவில் இணைப்பை அறுத்துப் பாருங்கள். இணைப்பில்லாத நிலையில் பட்டியல் வேலை செய்ய வேண்டும். அப்போது வருபவருக்கு எந்தச் சூழ்நிலையில் சாதாரணச் சீட்டு, எந்தச் சூழ்நிலையில் தற்காலிகச் சீட்டு என்பதை ஒரே பக்கத்தில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். ஒவ்வொரு மையத்துக்கும் இரண்டு செல்பேசி நிறுவனங்களின் இணைப்பு வையுங்கள். முதல் நாள் இரவிலேயே முழுப் பட்டியலையும் கருவியில் இறக்கிவிடுங்கள்; காலை 7 மணிக்கு எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் இறக்க ஆரம்பித்தால் அன்றைய நாள் அங்கேயே போய்விடும்.

அச்சு இயந்திரம் ஏன் என்றால், ஒரு கவுண்ட்டியில் நகராட்சி, பள்ளி வாரியம், நீர் வாரியம் என்று எல்லைகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுவதால் சீட்டு வகைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அதை மொழிகளால் பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் முன்பே அச்சடித்து ஒவ்வொரு மையத்திலும் அடுக்க முடியாது. வருபவரின் முகவரிக்கு உரிய சீட்டை அங்கேயே அச்சிட வேண்டும். 2022 நவம்பரில் மாரிகோப்பாவின் 223 மையங்களில் பலவற்றில் அச்சு மங்கலாக விழுந்தது, சீட்டை எண்ணும் கருவி ஏற்கவில்லை. முன்னாள் மாநிலத் தலைமை நீதிபதி ரூத் மக்ரெகர் நடத்திய விசாரணை காரணத்தைச் சொன்னது: 100 பவுண்டு கனமுள்ள தாளும் 20 அங்குல நீளமும் சேர்ந்து, மையை உருக்கி ஒட்டும் பகுதியின் வெப்பத்தை அந்த இயந்திரத்தின் எல்லைக்கே தள்ளிவிட்டன. ஆகவே சோதிக்கும்போது அன்றைக்குப் பயன்படுத்தப்போகும் அதே தாள், அதே நீளம், அதே வேகம். பத்துச் சீட்டு அடித்துப் பார்ப்பது சோதனையாகாது. உச்ச நேரத்து வேகத்தில் இடையிடையே உறை, ரசீது என்று கலந்து அடித்து, கடைசிச் சீட்டையும் எண்ணும் கருவியில் செலுத்திப் பாருங்கள். கருவி ஏற்காத சீட்டைப் போட்டுப் பூட்ட ஒரு தனி அறை பெட்டியில் இருக்க வேண்டும், அதில் போட்டாலும் எண்ணப்படும் என்பதை வாக்காளருக்குச் சொல்ல ஆள் பழகியிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும் உறை

தேர்தலுக்கு 29 நாள் முன்பு அனுப்பத் தொடங்கி 5 நாளுக்குள் முடிக்க வேண்டும். உறைத் தாளுக்கும் அச்சகத்துக்கும் ஆறு மாதத்துக்கு முன்பே ஆர்டர் போடுங்கள். வடிவமைப்பை அச்சுக்கு அனுப்பும் முன் தபால் துறையின் வடிவமைப்பு ஆய்வாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள், இது இலவசம். திரும்பி வரும் உறையின் முகவரியும் அனுப்புநர் முகவரியும் இடம் மாறிப் படிக்கப்பட்டால், வாக்காளர் போட்ட உறை வாக்காளர் வீட்டுக்கே திரும்பிப் போகும். ஒவ்வொரு உறைக்கும் தனி பார்கோடு வேண்டும். எங்கே இருக்கிறது என்பதை அலுவலகமும் வாக்காளரும் பார்க்க முடியும். மாநிலம் நடத்தும் 'வேர்ஸ் மை பேலட்' சேவையில் பதிந்தால் வாக்காளருக்குக் குறுஞ்செய்தி வரும். மொத்தமாக அனுப்பும் தட்டுகளில் பச்சை நிற 191 எண் அட்டையைக் கட்டுங்கள், தபால் ஊழியருக்கு அதுதான் அடையாளம்.

வாக்குச்சீட்டு உறையைப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், அலுவலகத்துக்கே திரும்பும். இது வேண்டுமென்றே செய்தது. ஆகவே தேர்தலுக்கு முன்பு முகவரி சரிபார்ப்பு அஞ்சலட்டை அனுப்பித் திரும்பியவற்றைக் களைந்தால், அடுக்குமாடியில் வீட்டு எண் இல்லாமல் போகும் சீட்டுகள் குறையும். ரிசர்வேஷன்களில் வீட்டுக்குத் தபால் வராத இடங்கள் உண்டு, ஒரே அஞ்சல் பெட்டி எண்ணைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்வார்கள். அங்கே தபாலை நம்பாமல் மையமும் பெட்டியும் வையுங்கள்.

திரும்பும் உறையில் கையெழுத்துக் கோட்டின் இரு முனையிலும் துளை போடுவது நல்ல பழக்கம். பார்வை குன்றியவர் விரலால் தடவிக் கையெழுத்திட வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பார். பிரித்த பிறகு உறை காலியா என்று ஊழியர் ஒரு பார்வையில் தெரிந்துகொள்வார். 2021 திரும்ப அழைப்புத் தேர்தலில் இந்தத் துளை வழியாக வாக்கு தெரிகிறது என்று வதந்தி பரவியது. துளை எதற்கு என்பதை உறையோடு வரும் துண்டுக் காகிதத்தில் இரண்டு வரியில் எழுதியிருந்தால் பாதி தொலைபேசி அழைப்பு மிச்சம்.

கெடுவைப் பெரிய எழுத்தில் போடுங்கள், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கொலராடோவில் தேர்தல் நாள் இரவு 7 மணிக்குள் உறை அலுவலகத்தின் கைக்கு வந்தாக வேண்டும். கலிஃபோர்னியாவில் ஏ.பி. 37-இன்படி தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்து 7 நாளுக்குள் வந்தால் ஏற்பார்கள். இந்த விதிகள் நீதிமன்றங்களில் அடிபடுபவை, அச்சுக்கு அனுப்பும் நாளில் மறுபடி பாருங்கள். முத்திரையை நம்பச் சொல்லவும் வேண்டாம். அஞ்சல் பெட்டியில் போட்ட நாளும் முத்திரை விழும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று 2025 இறுதியில் தபால் துறையே தன் விதிகளில் எழுதிவிட்டது. கடைசி வாரத்தில் தபால் வேண்டாம், பெட்டியில் போடுங்கள் என்று நேரடியாகச் சொல்லுங்கள்.

தெருவோரப் பெட்டி

கனமான எஃகுப் பெட்டி, கான்கிரீட் தரையில் போல்ட் போட்டு இறுக்கியது, உறை மட்டும் நுழையும் மெல்லிய வாய், மழை நீர் வழியும் சரிவு. விலை சுமார் 6,000 டாலர் என்று கூட்டரசின் வழிகாட்டி ஒன்று 2020-இல் சொன்னது. காரில் இருந்தபடியே போட ஓட்டுநர் பக்கம் ஒரு வாய், சக்கர நாற்காலியில் வருபவருக்கு எட்டும் உயரத்தில் இன்னொன்று. விளக்கும் கேமராவும் இருக்கட்டும்.

தீயணைப்புப் பொடி வைக்கும் கருவியை வாங்கினால் போதாது, அந்தப் பெட்டியின் கொள்ளளவுக்குப் பொருந்துகிறதா என்று எரித்துக் காட்டச் சொல்லுங்கள். 2024 அக்டோபர் 28-இல் ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டிலும் ஆற்றுக்கு அக்கரையில் வாஷிங்டன் மாநிலம் வான்கூவரிலும் பெட்டிகளில் தீ வைத்தார்கள். போர்ட்லண்டில் பொடி வேலை செய்து 3 சீட்டுகள் மட்டும் பழுதாயின. வான்கூவர் பெட்டியிலும் கருவி இருந்தது, ஆனால் நூற்றுக்கணக்கான சீட்டுகள் பழுதாயின. அடிக்கடி எடுத்துவிட்டால் எரிய ஒன்றும் மிஞ்சாது என்பது இன்னொரு பாடம். ஆரம்பத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை, கடைசி வாரம் தினமும், தேர்தல் நாளில் பல முறை.

எடுக்கப் போவது எப்போதும் இருவர். பழைய முத்திரை எண்ணைப் படிவத்தில் எழுதி, உடைத்து, உறைகளைப் பையில் போட்டு, புது முத்திரை எண்ணை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, வழியில் எங்கும் நிறுத்தாமல் வருவது. தேர்தல் இரவு 8 மணிக்குப் பூட்ட ஒவ்வொரு பெட்டிக்கும் இருவர் 7:45-க்கே நிற்க வேண்டும். 8 மணிக்கு வரிசையில் உள்ள கடைசிக் கார் போட்ட பிறகே பூட்டு. 20 பெட்டிக்கு 40 பேர். இதைக் கடைசி வாரத்தில் நினைத்துக்கொண்டால் ஆள் கிடைக்காது.

கையெழுத்து

உறை தள்ளுபடியாக மூன்று காரணங்கள்: தாமதம், கையெழுத்தில்லாமை, கையெழுத்துப் பொருந்தாமை. இளைஞர்களும் முதல்முறை தபாலில் போடுபவர்களும் அதிகம் மாட்டுவார்கள். ஓட்டுநர் உரிம அலுவலகத்து மின் பலகையில் கிறுக்கியதுதான் பலருக்குக் கோப்பில் இருக்கும் ஒரே கையெழுத்து. நம்மவர்களில் உரிமத்தில் தமிழிலும் உறையில் ஆங்கிலத்திலும் போடுபவர்கள் உண்டு. எது கோப்பில் இருக்கிறதோ அதையே போடச் சொல்லுங்கள்.

கலிஃபோர்னியாவில் கையெழுத்து வாக்காளருடையதே என்று எடுத்துக்கொண்டுதான் ஒப்பிட ஆரம்பிக்க வேண்டும். அச்சு அசலாகப் பொருந்தத் தேவையில்லை. தள்ள வேண்டுமானால் மேலும் இரண்டு அலுவலர்கள் பார்த்து, ஐயத்துக்கு இடமில்லாமல் மாறுபடுகிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். தள்ளியதைச் சொல்லாமல் விடவும் கூடாது: வாக்காளருக்கு அறிவித்து, சரிசெய்யும் படிவத்தைக் கட்டணமில்லா உறையோடு அனுப்ப வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு உறை ஒரே நாளில் பொருந்தாமல் வந்தால், கணவன் மனைவி உறை மாற்றிப் போட்டிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். இந்த வேலைக்குத் தேர்தலுக்கு முன்பே ஆள் போடுங்கள். உறை வந்த அன்றே பார்த்தால் சரிசெய்ய வாரங்கள் இருக்கும், கடைசியில் குவித்துப் பார்த்தால் நாட்கள்தான்.

திட்டமும் குழுக்களும்

மாறும் கவுண்ட்டி ஒரு தேர்தல் நிர்வாகத் திட்டத்தை எழுதி, வரைவை வெளியிட்டு, குறைந்தது 14 நாள் கழித்துப் பொது விசாரணை வைத்து, திருத்தி, மறுபடி 14 நாள் கருத்துக் கேட்க வேண்டும். மொழிக்கு ஒரு குழு, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு குழு. வரைவு முடிந்த பிறகு குழுவைக் கூட்டினால் தலையாட்டத்தான் முடியும்; இடப் பட்டியல் வரைபடமாக இருக்கும்போதே கூட்டுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் கதவைப் பார்த்த ஒரு நிமிடத்தில் சொல்வதை நாடா சொல்லாது.

சான்டா கிளாரா கவுண்ட்டியில் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, பஞ்சாபி உள்ளிட்ட மொழிகளில் மாதிரி வாக்குச்சீட்டு கிடைக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு ஆங்கிலச் சீட்டைக் குறிக்க வேண்டும். முன்பு குறிப்பிட்ட சாவடிகளில் மட்டும் வைத்தால் போதுமாக இருந்தது. மையத்தில் யார் எங்கே வருவார் என்று தெரியாததால் எல்லா வகைச் சீட்டுக்கும் எல்லா மொழியும் எடுக்கும்படி இருக்க வேண்டும். அடுக்கித் தேடாமல் டேப்லெட்டிலிருந்து அச்சிடும் ஏற்பாடு செய்யுங்கள். தமிழ் எழுத்துரு அந்த அச்சு இயந்திரத்தில் கொம்பும் காலும் இடம் மாறாமல் விழுகிறதா என்று தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து வாக்களிக்கும் பெரியவர்களுக்கு இந்த மாதிரிச் சீட்டைக் கேட்டுப் பெறலாம் என்பதே தெரியாது. கோயில், தமிழ்ப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும்.

இரவு 8 மணிக்குப் பிறகு

8 மணிக்கு வரிசையின் கடைசியில் ஓர் ஊழியர் போய் நிற்கட்டும். அவருக்கு முன்னால் உள்ளவர் எல்லோரும் வாக்களிக்கலாம். கதவு மூடியதும் கணக்கு: தொடங்கும்போது இருந்த வெற்றுத் தாள், அச்சிட்டது, கெட்டுப்போய்த் திரும்பியது, பெட்டியில் விழுந்தது, மிச்சம். பட்டியல் சொல்லும் எண்ணிக்கையோடு ஒத்துவர வேண்டும். ஒத்துவராத மையங்களில் அடிக்கடி பார்க்கும் காரணம், கெட்ட சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டது. கெட்ட சீட்டுக்கென்று ஒட்டிய தனி உறையை ஒவ்வொரு அச்சு இயந்திரத்தின் பக்கத்திலும் முதல் நாள் காலையிலேயே வைத்துவிடுங்கள்.

முடிவை அறிவிக்கும்போது இன்னொரு சிக்கல். ஒரு மையத்தில் விழுந்த சீட்டுகள் கவுண்ட்டியின் எல்லாப் பகுதிகளுக்கும் சொந்தம். பகுதிவாரி முடிவு தர எண்ணும் மென்பொருள் சீட்டிலுள்ள குறியீட்டைக் கொண்டு பிரிக்க வேண்டும், அந்த அறிக்கையைச் சோதனைச் சீட்டுகளை வைத்து முன்பே எடுத்துப் பாருங்கள். தேர்தலுக்குப் பின் நடக்கும் ஒரு விழுக்காடு கை எண்ணிக்கைக்கும் எந்தப் பகுதியின் சீட்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்ற பட்டியல் தேவைப்படும். மையத்திலிருந்து வந்த பெட்டிகளில் சீட்டுக் கட்டின் எண்ணை அன்றிரவே ஒட்டாவிட்டால், பத்துப் பேர் இரண்டு நாள் உட்கார்ந்து தேட வேண்டியிருக்கும்.